முந்திரிக்கொட்டை விண்டோ

அவருக்கு ஆமை என்று பெயர் வைத்தது நான்தான். இதை முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். கதையெல்லாம் சொல்லி முடித்த பிறகு ஒப்புக்கொள்ள இன்னும் வெட்கமாக இருக்கும்.

எங்கள் ஆஸ்பத்திரியின் கம்ப்யூட்டர் அறையைப் பார்த்துக்கொள்பவர் அவர். ஐம்பது வயதிருக்கும். கீபோர்டு வேலை செய்யவில்லை என்று போன் செய்தால் "சரி மேடம்" என்பார். அந்தச் "சரி" மாடியேறி நம்மிடம் வருவதற்குள் பாதி நாள் போய்விடும். வாயால் சொன்னால் எதையும் செய்யமாட்டார். என்ன வேண்டும் என்று ஒரு சீட்டில் எழுதி, கையெழுத்துப் போட்டு, அவர் மேசைமேல் நிற்கும் கம்பியில் குத்திவிட்டு வர வேண்டும். அவர் வரிசையாக எடுத்துப் படிப்பார். ஒவ்வொரு சீட்டுக்கும் முன்னால் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைப்பார்.

எனக்கோ பொறுமை பிறவியிலேயே கிடையாது. ஒருநாள் அவர் எங்கள் அறைக்குள் நுழையும்போது, "ஆமை புகுந்த வீடு உருப்படாதுன்னு சொல்வாங்க, பாத்துக்கோ" என்று பக்கத்து நாற்காலிக்காரியிடம் சொன்னேன். மெதுவாகச் சொன்னதாகத்தான் நினைத்தேன். என் குரலுக்கு மெதுவாகப் பேசத் தெரியாது. அன்றிலிருந்து மூன்று மாடிக்கும் அவர் ஆமைதான். அவர் காதிலும் விழுந்திருக்கும். ஒருநாளும் காட்டிக்கொண்டதில்லை.

நான் ரத்த வங்கியில் டெக்னீஷியன். பதினாறு வருஷமாக அதே நீள அறை, அதே குளிர், ஒரு சுவர் முழுக்க ஃப்ரிட்ஜ். வார்டிலிருந்து வரும் ரத்தக் குழாய்களை மெஷினில் அடுக்கிவிட்டால் அதுவே ரத்தப் பிரிவைப் பார்த்து வார்டுக்கு ரிப்போர்ட் அனுப்பிவிடும். சந்தேகம் வந்தால் மட்டும் எங்களைக் கேட்கும். கம்ப்யூட்டர் திரையில் மெஷினுக்கென்று உள்ள விண்டோவில், "முடிவில் சந்தேகம். ஏற்கவா? மறுபடி பார்க்கவா?" என்று வரும்.

ரத்தம் கொடுக்க வருகிறவர்களின் பிரிவை மட்டும் நாங்கள் கையால் பார்ப்போம். ஸ்லைடில் ஒரு சொட்டு ரத்தம், ஒரு சொட்டு மருந்து. கட்டி கட்டியாகத் திரள்கிறதா என்று பார்த்து, அதே கம்ப்யூட்டரில் பதிவேட்டு விண்டோவில் டைப் செய்து என்டர் தட்டுவோம். ஒரு நாளைக்கு எழுபது எண்பது பேர். கண் ஸ்லைடில் இருக்கும், விரல் கீபோர்டில் இருக்கும். திரையை நிமிர்ந்து பார்ப்பது எப்போதாவதுதான்.

எல்லாக் கம்ப்யூட்டரிலும் ஆமை ஒரே சட்டம் போட்டிருந்தார். எந்த விண்டோவும் தானாக எழுந்து மற்றவற்றின் முன்னால் வரக்கூடாது. ஆள் தொட்டால்தான் வரலாம். அதனால் மெஷினின் கேள்வி பதிவேட்டுக்குப் பின்னால் ஒளிந்துகொண்டு கிடக்கும். ஒருநாள் அப்படி ஒரு சந்தேகம் நாற்பது நிமிஷம் காத்துக்கிடந்தது. ஏழாம் வார்டு சிஸ்டர் போனில் என்னை உண்டு இல்லை என்று பண்ணிவிட்டார். அதே சூட்டோடு நான் கம்ப்யூட்டர் அறைக்குப் போனேன்.

"சார், மெஷின் விண்டோ தானா முன்னாடி வரணும். இன்னிக்கே வரணும்."

அவர் கண்ணாடியைத் துடைத்தார். "திரையில எது மேல இருக்கணும், எது கீழ இருக்கணும்னு பாத்துக்கிறதுக்குன்னே ஒரு புரோகிராம் இருக்கு மேடம். விண்டோ மேனேஜர்னு பேரு."

"மேனேஜர்னாலே ஒண்ணும் செய்யாம உக்காந்திருக்கிறவர்தானே?"

அவர் சிரிக்கவில்லை. "ஒவ்வொரு புரோகிராமும் நான்தான் முக்கியம்னு நினைக்கும். எழுந்துக்க விட்டா எல்லாமே எழுந்துக்கும். நீங்க ஒரு வேலையா இருக்கும்போது குறுக்க வந்து நிக்கும். அதனாலதான் அந்த மேனேஜர்கிட்ட…"

"அதனால நோயாளி காத்துக்கிட்டுக் கிடக்கணுமா?"

இதற்கு அவரிடம் பதில் இருந்திருக்கும். நான் விட்டால்தானே? அங்கேயே ஒரு சீட்டைக் கிழித்து எழுதினேன்: 'மெஷின் விண்டோ தானாக முன்னால் வர வேண்டும். உடனே. உடனே. உடனே.' மூன்று உடனே. கீழே கையெழுத்து. கம்பியில் குத்திய வேகத்தில் கம்பியே ஆடியது. மெஷின் கம்பெனிக்கும் போன் செய்து, அவர்கள் எஞ்சினியரையும் அவரிடம் பேச வைத்தேன். இரண்டு பக்கமும் இடித்தால் யார்தான் தாங்குவார்கள்? அந்த ஒரு விண்டோவுக்கு மட்டும் விலக்குக் கொடுத்தார்.

அதன்பிறகு மூன்று மாதம் ராஜபோகம். சந்தேகம் வந்த மறுநொடி மெஷின் விண்டோ எல்லாவற்றையும் தள்ளிக்கொண்டு முன்னால் வந்து நிற்கும். நாங்கள் அதற்கு முந்திரிக்கொட்டை என்று செல்லப்பெயர் வைத்தோம். பெயர் வைப்பதில் நான் கெட்டிக்காரி.

ஒரு செவ்வாய்க்கிழமை ஒரு தொழிற்சாலையிலிருந்து அறுபது பேர் ரத்தம் கொடுக்க வந்திருந்தார்கள். காலையிலிருந்து ஸ்லைடு, டைப், என்டர். ஸ்லைடு, டைப், என்டர். பதினொன்றே முக்காலுக்குக் கொஞ்சம் முன்னால் ஒருவருடையதை டைப் செய்து என்டர் தட்டினேன், பதியவில்லை. திரை ஒருமுறை கண் சிமிட்டியதுபோல இருந்தது. இன்னொரு தட்டு தட்டினேன், பதிந்தது. அடுத்த ஸ்லைடை எடுத்தேன். அதை அப்போதே மறந்தும் போனேன்.

மதியம் இரண்டரைக்கு ஏழாம் வார்டு சிஸ்டர் போன் செய்தார். இந்த முறை குரல் உயரவில்லை. அதுதான் எனக்கு பயமாக இருந்தது.

"நாலாம் பெட்ல ஒரு தச்சர் இருக்காரு. நாளை மறுநாள் இடுப்பு ஆபரேஷன். உங்க ரிப்போர்ட்ல ஏ பாசிட்டிவ்னு இருக்கு. அவரு ஓ பாசிட்டிவ்ங்கறாரு."

"அவருக்கு ஞாபகம் இல்லாம சொல்லியிருப்பாரு சிஸ்டர்."

"பதினேழு தடவை ரத்தம் குடுத்தவரும்மா. கார்டு வெச்சிருக்காரு. என் கையிலதான் இருக்கு."

ஓ பிரிவு ஆளுக்கு ஏ பிரிவு ரத்தம் ஏற்றினால் என்ன ஆகும் என்று ரத்த வங்கியில் இருப்பவளுக்கு யாரும் சொல்ல வேண்டியதில்லை. ஏற்றுவதற்கு முன்னால் இன்னொரு சோதனை உண்டு, அதில் பிடிபட்டிருக்கும் என்று பிறகு எல்லோரும் எனக்கு ஆறுதல் சொன்னார்கள். பிடிபட்டிருக்கும், உண்மைதான். பிடிபடும் என்று நம்பிக்கொண்டு தப்பு ரிப்போர்ட் அனுப்ப முடியுமா?

நானே ஊசியை எடுத்துக்கொண்டு வார்டுக்கு ஓடினேன். தச்சர் தலையணையில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். விரல் நுனியெல்லாம் பழைய தழும்பு. நடந்ததைச் சொல்லிவிட்டுத்தான் ரத்தம் எடுத்தேன். அவர் கையை நீட்டியபடி என்னைப் பார்த்தார்.

"பதினேழு தடவை குடுத்தேம்மா. ஒரே ஒரு தடவை வாங்கலாம்னு வந்தா இப்படியா?"

சிரித்துக்கொண்டேதான் சொன்னார். எனக்குத்தான் கண் நிறைந்து குழாய் தெரியாமல் போனது. கீழே வந்து கையால் பார்த்தேன். ஓ பாசிட்டிவ். சந்தேகமே இல்லை. முதல் குழாயில் ஒரு சின்ன உறைகட்டி இருந்திருக்கிறது. மெஷின் ஏமாந்திருக்கிறது, ஆனால் தான் ஏமாந்தது அதற்கே தோன்றி, கேள்வியும் கேட்டிருக்கிறது. அதன் குறிப்பில் தெளிவாக இருந்தது: 'முடிவில் சந்தேகம். ஏற்கப்பட்டது. 11.42.' பக்கத்தில் என் பணியாளர் எண்.

நான் ஏற்கவில்லை. ஏற்றதாக எனக்கு ஞாபகமே இல்லை. ஆனால் குறிப்பு பொய் சொல்லுமா?

எங்கள் துறையின் பெரிய டாக்டர் கெட்டவர் இல்லை. கத்தவும் இல்லை. "நீங்களா இப்படி?" என்று மட்டும் கேட்டார். கத்தியிருந்தால் திருப்பிக் கத்தியிருப்பேன். இதற்கு என்ன செய்வது? வெள்ளிக்கிழமை விசாரணை என்றார். என் கவனக்குறைவு என்று முடிவானால் ரத்த வங்கியில் இனி என்னை உட்கார விடமாட்டார்கள். டெக்னீஷியன் பதிவும் நிலைக்குமா என்று சொல்ல முடியாது. அதுவரை வேலை செய்யலாம், பக்கத்தில் ஒருவர் நின்று பார்த்துக்கொள்வார்.

அன்று சாயங்காலம் வீட்டில் சோற்றைப் பிசைந்தபடியே உட்கார்ந்திருந்தேன். என் கணவர் டவுன் பஸ் டிரைவர். எதிரில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டே இருந்தார்.

"அந்த ஆளு நல்லா இருக்காருல்ல?"

"இருக்காரு."

"அப்புறம் என்ன? தலைக்கு வந்தது தலைப்பாகையோட போச்சு. சாப்பிடு."

"என் கை எனக்குத் தெரியாம ஒண்ணைச் செஞ்சிருக்குங்க. இனிமே இந்தக் கையை நான் எப்படி நம்புறது?"

முப்பது வருஷம் ஸ்டீயரிங் பிடித்த மனிதருக்கு அந்தக் கேள்வி புரிந்திருக்கும்.

புதன்கிழமை நான் ஒற்றை விரலால் டைப் செய்தேன். ஒவ்வோர் எழுத்தையும் வாய்விட்டுச் சொன்னேன். ஒரு மணி நேர வேலை மூன்று மணி நேரம் இழுத்தது. பக்கத்து நாற்காலிக்காரி என்னைப் பார்க்காததுபோல் இருந்தாள். யானைக்கும் அடி சறுக்கும் என்று பெருந்தன்மையாகச் சொல்லிப் பார்த்தேன், சறுக்கினது நான் என்பதால் அது ஒட்டவே இல்லை.

வியாழக்கிழமை காலை கதவு திறந்தது. ஆமை. கையில் சீட்டு இல்லை. நான் எதுவும் எழுதிக் கொடுக்கவில்லை, போனும் செய்யவில்லை. பதினாறு வருஷத்தில் கூப்பிடாமல் அவர் எங்கள் அறைக்கு வந்தது அதுதான் முதல் தடவை.

என் பக்கத்தில் ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். கண்ணாடியைத் துடைத்தார். நான் காத்திருந்தேன். வேறு வழியில்லாமல்தான் காத்திருந்தேன், ஆனாலும் காத்திருந்தேன்.

"மேடம், செவ்வாய்க்கிழமை ஒருதடவை என்டர் ரெண்டு வாட்டி அடிச்சீங்களா? மொத அடி பதியாம?"

"ஆமா. அடிச்சேன். திரை என்னமோ சிமிட்டின மாதிரி இருந்தது."

அவர் சட்டைப்பையிலிருந்து ஒரு காகிதத்தை எடுத்து விரித்தார். எந்த விண்டோ எப்போது முன்னால் வந்தது, ஆள் தொட்டு வந்ததா தானாக வந்ததா என்று அந்த விண்டோ மேனேஜர் ஒன்றுவிடாமல் குறித்து வைத்துக்கொள்ளுமாம். இரண்டு நாளாக உட்கார்ந்து மூன்று மாதக் குறிப்பையும் படித்திருக்கிறார். ஒரு வரியின் கீழே பென்சிலால் கோடு போட்டிருந்தார்.

"பதினொண்ணு நாப்பத்திரெண்டு. மெஷின் விண்டோ தானா எழுந்து முன்னாடி வருது. உங்க விரல் அதுக்குள்ள பாதி வழி இறங்கியாச்சு. கால் நொடிகூட இல்ல. நீங்க பதிவேட்டுக்குன்னு அடிச்ச என்டர் மெஷினுக்குப் போயிருச்சு. அதுல 'ஏற்க'ங்கற பட்டன்தான் தயாரா நிக்குது. ஏத்துக்கிட்டு உடனே விண்டோ மறைஞ்சுருச்சு. நீங்க பாத்தது அந்தச் சிமிட்டல்தான்." விரலை அடுத்த வரிக்கு நகர்த்தினார். "ரெண்டாவது என்டர்தான் பதிவேட்டுக்குப் போயிருக்கு. உங்க கை சரியாத்தான் அடிச்சிருக்கு மேடம். விரலுக்குக் கீழ இருந்த விண்டோதான் மாறிப்போச்சு."

நான் அழுதேன். அழகாக அழவில்லை, மூக்கெல்லாம் ஒழுக அழுதேன். இரண்டு நாளாக எனக்கு வேண்டியிருந்தது அந்த ஒரு வாக்கியம்தான்: உங்க கை சரியாத்தான் அடிச்சிருக்கு. பெற்ற தாய்கூட எனக்கு அப்படி ஒன்றை எடுத்துக் கொடுத்ததில்லை. அவர் சங்கடப்பட்டு, ஃப்ரிட்ஜ்களைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

அன்று சாயங்காலம் வீட்டில் எல்லாவற்றையும் சொன்னேன். என் கணவர் கொதித்துவிட்டார். விண்டோவெல்லாம் அவருக்கு அந்நியம். ஆனால் விஷயம் சட்டென்று பிடிபட்டது.

"எங்க பஸ்ல கண்டக்டர் மணி அடிப்பாரு. அடிக்கணும், அது அவர் வேலை. யாரு இறங்கணும்னு அவருக்குத்தான் தெரியும். ஆனா பின்னாடி லாரி வருதா, பக்கத்துல சைக்கிள் வருதான்னு எனக்குத்தான் தெரியும். மணி அவர் கையில, பிரேக் என் கால்ல. மணி அடிச்சாலே தானா பிரேக் விழுற மாதிரி ஒரு வண்டியைச் செஞ்சு குடுத்தா, சாவியை மேசைமேல வெச்சுட்டு வந்துருவேன்."

அன்று நான் தட்டில் மிச்சம் வைக்கவில்லை.

வெள்ளிக்கிழமை பத்து மணிக்குப் பெரிய டாக்டர் அறையில் நாங்கள் நான்கு பேர். டாக்டர், நான், ஆமை, மெஷின் கம்பெனியிலிருந்து வந்த எஞ்சினியர். அந்த மெஷினின் புரோகிராமை எழுதியவரே அவர்தான். முப்பது வயதிருக்கும், ஷூ பளபளவென்றிருந்தது. ஆமை காகிதத்தை மேசைமேல் வைத்து, எனக்குச் சொன்னதையே அதே வேகத்தில் சொன்னார். டாக்டர் இரண்டு தடவை கடிகாரத்தைப் பார்த்தார். நான் ஒருதடவைகூடப் பார்க்கவில்லை.

எஞ்சினியர் நிமிர்ந்து உட்கார்ந்தார். "சந்தேகமான ரிசல்ட் கண்ணுல படாமப் போச்சுன்னா அது இதைவிட ஆபத்து சார். எது அவசரம்னு எங்க புரோகிராமுக்குத்தான் தெரியும். அதனால எப்ப முன்னாடி வரணும்னு அதுதான் முடிவு பண்ணணும்."

"அவங்க அந்த நேரத்துல டைப் பண்ணிட்டு இருக்காங்களான்னு உங்க புரோகிராமுக்குத் தெரியுமா?" என்று ஆமை கேட்டார்.

"அது… வேற விண்டோவுல நடக்கிறது எங்களுக்குத் தெரியாது."

"எங்க விண்டோ மேனேஜருக்குத் தெரியும்."

"சரி சார், எது அவசரம்னு உங்க மேனேஜருக்குத் தெரியுமா?"

ஆமை கண்ணாடியைக் கழற்றினார். "தெரியாது," என்றார். வேறு யாராக இருந்தாலும் சமாளித்திருப்பார்கள்.

டாக்டர் பேனாவைக் கீழே வைத்தார். "எந்த விண்டோவும் தானா வரக்கூடாதுன்னு நீங்கதானே சட்டம் வெச்சிருந்தீங்க? இதுக்கு மட்டும் ஏன் விலக்கு? யார் கேட்டாங்க?"

மூன்று உடனே. என் கையெழுத்து. அவர் எந்தச் சீட்டையும் தூக்கிப் போடுகிறவர் இல்லை. எண் போட்டு, மாதவாரியாகக் கட்டி வைத்திருப்பார். அதை எடுத்து மேசைமேல் வைத்தால் போதும், அவர் தலை தப்பிவிடும்.

"கேட்டது யாரா இருந்தாலும் குடுத்தது நான் சார்," என்றார் ஆமை. "மனசுக்கு ஒப்பாமத்தான் குடுத்தேன். இது வேண்டாம்னு நின்னு சொல்லியிருக்கணும். சொல்லல. தப்பு என்னோடது. என் பேர்லயே எழுதிக்கோங்க."

அவர் என் பக்கம் திரும்பக்கூட இல்லை.

நான் பேசாமல் இருந்திருக்கலாம். என் கை சரி என்று நிரூபணம் ஆகிவிட்டது, என் நாற்காலி எனக்குத் திரும்பிவிட்டது. வாயை மூடிக்கொண்டு இருந்திருந்தால் அந்த அறையைவிட்டு நான் நல்லவளாகவே வெளியே வந்திருப்பேன். என் வாழ்நாள் முழுக்க எனக்கு வம்பை மட்டுமே தேடித் தந்த அந்த வாய், அன்றைக்கு ஒருநாள் உதவியது.

"நான்தான் சார் கேட்டேன்."

மூன்று பேரும் திரும்பினார்கள்.

"சார் வேண்டாம்னுதான் சொல்ல வந்தாரு. நான் சொல்ல விடல. நடுவுல நடுவுல புகுந்து பேசி, அவர் வாயையே அடைச்சுட்டேன். சீட்டு எழுதிக் குத்துனதும் நான்தான். உடனேன்னு மூணு தடவை எழுதியிருப்பேன், சார்கிட்ட இருக்கும், கேட்டுப் பாருங்க. இவருக்குப் போன் பண்ணி நெருக்கச் சொன்னதும் நான்தான்."

"ஆமா சார், பண்ணாங்க," என்றார் எஞ்சினியர், ஷூவைப் பார்த்துக்கொண்டு. "நானும் ரெண்டு தடவை இவரை நெருக்கினேன்."

டாக்டர் எங்களை ஒவ்வொருவராகப் பார்த்தார். பிறகு வாய்விட்டுச் சிரித்துவிட்டார். "இந்த அறையில எல்லாரும் தப்பைத் தள்ளிவிட்டுத்தான் பாத்திருக்கேன். இழுத்துப் போட்டுக்கறதை இன்னிக்குத்தான் பாக்கறேன். சரி. தச்சருக்கு நேத்து ஆபரேஷன் நல்லபடியா முடிஞ்சுது. நாளைக்கு இன்னொரு தச்சர் வருவாரு. அவருக்கு என்ன பண்ணப் போறீங்க?"

நான் பஸ்ஸைப் பற்றிச் சொன்னேன். கண்டக்டர் கையில் மணி, டிரைவர் காலில் பிரேக். யார் இறங்க வேண்டும் என்று அவருக்குத் தெரியும், எங்கே நிறுத்தலாம் என்று இவருக்குத் தெரியும். கண்டக்டர் பிரேக்கைத் தொடக்கூடாது. டிரைவரும் மணியைக் காதில் வாங்காதவர்போல ஓட்டிக்கொண்டே போகக்கூடாது; நாற்பது நிமிஷம் அந்தச் சந்தேகம் கிடந்தது அப்படித்தானே?

ஆமை கண்ணாடியைத் துடைப்பதைப் பாதியில் நிறுத்தினார். "மெஷின் கேக்கட்டும்," என்றார். "எழுந்து வர வேண்டாம். எனக்கு அவசரம்னு மேனேஜர்கிட்ட சொல்லட்டும். திரையோட ஓரத்துல சிவப்பா ஒண்ணு மின்னும். அவங்க விரல் ஓயுற வரைக்கும் மேனேஜர் பொறுக்கும். மூணு நொடி கீபோர்டு சும்மா இருந்தா, அப்ப முன்னாடி கொண்டுவரும்."

"விரல் ஓயவே இல்லைன்னா?" என்று எஞ்சினியர் கேட்டார். நியாயமான கேள்வி.

"ரெண்டு நிமிஷம் பாக்கும். அப்புறம் சத்தம் குடுக்கும். அப்பவும் குறுக்க வராது."

எஞ்சினியர் தன் நோட்டில் எழுதிக்கொண்டார். "நான் அந்த 'ஏற்க' பட்டனைத் தயாரா நிக்க வைக்கிறதை எடுத்துடறேன். மவுஸால தொட்டாத்தான் ஏத்துக்கும். இதை மொதல்லயே செஞ்சிருக்கணும்." எழுந்து நின்று என்னிடம், "ஸாரி மேடம்" என்றார். எனக்கு அவர்மேல் இருந்த கோபம் அங்கேயே கரைந்தது. எல்லோரும் அவசரத்தில் நல்லதைத்தான் நினைத்திருக்கிறோம்.

"என்ன செய்யணும்னு எழுத்துல ஒண்ணு வேணும்," என்றார் டாக்டர்.

"சீட்டு குடுப்பாங்க சார்," என்றார் ஆமை.

வெளியே வந்ததும் முதலில் ஏழாம் வார்டுக்குப் போனேன். சிஸ்டரின் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டேன். "ஒரு நோயாளி வார்த்தையை ரிப்போர்ட்டுக்கு மேல நம்புனீங்களே" என்று சொல்ல நினைத்தேன், பாதிதான் வந்தது. சிஸ்டர் கையை விடுவித்துக்கொண்டு, "மருந்து குடுக்கிற நேரம், தள்ளு" என்றார். நாலாம் பெட்டில் தச்சர் தூங்கிக்கொண்டிருந்தார். மேலே தொங்கிய ரத்தப் பையில் ஓ பாசிட்டிவ் என்று எழுதியிருந்ததை மூன்று தடவை படித்தேன். உள்ளே ஒவ்வொரு சொட்டாக இறங்கிக்கொண்டிருந்தது.

பிறகு கம்ப்யூட்டர் அறைக்குப் போனேன். ஆமை மேசையில் இருந்தார். கம்பியில் ஏழெட்டுச் சீட்டு இருந்தது. என்னைப் பார்த்ததும் இழுப்பறையைத் திறந்து, நான்காக மடித்த ஒரு சீட்டை எடுத்து நீட்டினார். பிரித்தேன். என் கையெழுத்து, மூன்று உடனே.

"இதைக் காட்டியிருக்கலாமே சார்."

"நீங்க நோயாளிக்காகத்தான் எழுதுனீங்க. அன்னிக்கு உங்க கோபத்துல அது தெரிஞ்சுது. அதைக் கொண்டுபோய் உங்க மேலயே வைக்க எனக்கு மனசு வரல."

எதையாவது பேசியாக வேண்டும், என் வழக்கம் அது. "சார், இன்னொண்ணு. உங்களுக்கு ஒரு பேரு இருக்கு. அதை வெச்சது…"

"தெரியும் மேடம். அன்னிக்கு நானும் அந்த அறையிலதானே இருந்தேன்." முதல் தடவையாக அவர் சிரித்துப் பார்த்தேன். "பேரு இருக்கட்டும். தலையை எப்ப வெளிய நீட்டணும், எப்ப உள்ள இழுத்துக்கணும்னு ஆமைக்குத் தெரியும். உங்க முந்திரிக்கொட்டைக்குத்தான் தெரியல."

நான் கைகூப்பினேன். நன்றி என்று சொன்னேன். சொன்ன பிறகும் சொல்லாததுபோலவே இருந்தது, அதனால் இன்னொரு தடவை சொன்னேன். அவர் தலையை மட்டும் ஆட்டிவிட்டு, ஒரு வெற்றுச் சீட்டையும் பேனாவையும் என் பக்கம் தள்ளினார்.

உட்கார்ந்து எழுதினேன். மெஷின் கேட்க வேண்டும், தானாக வரக்கூடாது. விரல் ஓய்ந்த பிறகுதான் விண்டோ மேனேஜர் அதை முன்னால் கொண்டுவர வேண்டும். கையெழுத்துப் போடுவதற்கு முன்னால், பழைய சீட்டில் எழுதிய அதே இடத்தில் எழுதினேன்: 'மெதுவாக. மெதுவாக. மெதுவாக.'

கம்பியில் மற்றவர்கள் சீட்டுக்கெல்லாம் பின்னால், வரிசையில் குத்தினேன். வேலை முடிய நான்கு நாள் ஆனது. நான் ஒரு போன்கூடச் செய்யவில்லை.